தள்ளுபடி விலையில் வாகனக் காப்பீடு: இளம் ஓட்டுநர்களைக் குறிவைக்கும் போலித் தரகர்கள், அசல் பாலிசியை அறிவது எப்படி?

ஐதராபாத்: தெலங்கானா மாநிலம் சங்காரெட்டி மாவட்டத்தில், ஐதராபாத் மாநகரின் மேற்கு விளிம்பில் அமைந்துள்ளது ராமச்சந்திராபுரம். பெல் நிறுவனத்தின் ஆலையும் குடியிருப்பும், அடுத்துள்ள பட்டன்செருவின் தொழிற்பேட்டையும், மும்பை நோக்கிச் செல்லும் தேசிய நெடுஞ்சாலையும் சேர்ந்து இப்பகுதியை எந்நேரமும் வாகனங்கள் நிறைந்த இடமாக வைத்திருக்கின்றன. ஒருபுறம் ஆலைக்கும் கச்சிபௌலியின் மென்பொருள் அலுவலகங்களுக்கும் செல்லும் இளைஞர்கள். மறுபுறம் வாடகைக் கார் ஓட்டுவோர், உணவு விநியோகிப்போர், கந்தி ஐஐடி உள்ளிட்ட கல்வி நிறுவனங்களின் மாணவர்கள். இவர்களில் பலர் ஓட்டுவது கைமாறி வந்த பழைய வாகனங்கள். காப்பீடு காலாவதியாவது எப்போது என்பதைக் காவலர் வாகனத்தை நிறுத்தும் நாளில்தான் அறிகின்றனர்.

போலிக் காப்பீட்டுத் தரகர்களுக்கு இத்தகைய இடங்களே ஏற்ற களம். சாலையோரப் புகைப் பரிசோதனை வண்டி, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் எதிரே உள்ள நகலகம், பழைய வாகன விற்பனை நிலையம், வாட்ஸ்அப் குழு என இவர்கள் பல முகங்களில் வருகின்றனர். பத்து நிமிடத்தில் பாலிசி, பாதி விலை, ஆவணம் எதுவும் தேவையில்லை என்பது இவர்கள் கூறும் விளம்பரம். பணம் யுபிஐ மூலம் போகிறது. சற்று நேரத்தில் பிரபல நிறுவனத்தின் சின்னம் பொறித்த பிடிஎப் கோப்பு கைபேசிக்கு வருகிறது. அதன்பின் விபத்து நேரும்வரை எவருக்கும் எந்தச் சந்தேகமும் எழுவதில்லை.

இதில் கவனிக்க வேண்டிய முரண் ஒன்று உண்டு. நாட்டின் காப்பீட்டுத் துறை முழுவதையும் கண்காணிக்கும் இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையமான ஐஆர்டிஏஐயின் தலைமையகம், ஐதராபாத்தின் நானக்ராம்குடா நிதி மாவட்டத்தில் உள்ளது. ராமச்சந்திராபுரத்திலிருந்து அங்கு செல்ல ஒரு மணி நேரம்கூடத் தேவைப்படாது. நாடு முழுவதும் விற்கப்படும் பாலிசிகளின் தரவுகளைத் தொகுக்கும் இந்தியக் காப்பீட்டுத் தகவல் மையமும் இதே நகரில்தான் இயங்குகிறது. ஆனால் நெடுஞ்சாலை ஓரத்தில் கைமாறும் போலித் தாள் இவற்றில் எந்தப் பதிவேட்டையும் எட்டுவதில்லை. அதனால் அது போலி என்பதும் உடனே வெளிவருவதில்லை.

சட்டம் கேட்பது என்ன?

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆவது பிரிவு, பொது இடத்தில் ஓடும் ஒவ்வொரு வாகனத்துக்கும் மூன்றாம் நபர் காப்பீடு இருப்பதைக் கட்டாயமாக்குகிறது. இங்கு மூன்றாம் நபர் என்பது வாகனத்தால் பாதிக்கப்படும் பிறரைக் குறிக்கும். பாதசாரியோ, எதிரே வந்த இருசக்கர வாகன ஓட்டியோ உயிரிழந்தால் அல்லது காயமுற்றால் நீதிமன்றம் நிர்ணயிக்கும் இழப்பீட்டைக் காப்பீட்டு நிறுவனம் வழங்கும். உயிரிழப்புக்கும் காயத்துக்கும் இந்தப் பொறுப்புக்கு உச்சவரம்பு கிடையாது. பொருள் சேதத்துக்கு மட்டும் வரம்பு உண்டு.

காப்பீடு இன்றி ஓட்டினால், 2019ஆம் ஆண்டின் திருத்தச் சட்டப்படி 196ஆவது பிரிவின் கீழ் முதல் முறை 3 மாதம் வரை சிறை அல்லது 2,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம். மீண்டும் சிக்கினால் அபராதம் 4,000 ரூபாய். இத்தனைக்குப் பிறகும் நாட்டின் சாலைகளில் உள்ள வாகனங்களில் பாதிக்கும் மேற்பட்டவை காப்பீடு இல்லாதவை என்பதை நாடாளுமன்றக் குழுவே சுட்டிக்காட்டியுள்ளது. அபராதத்துக்கு அஞ்சுபவர்கள், ஆனால் பிரீமியம் செலுத்த மனமில்லாதவர்கள் என ஒரு பெருங்கூட்டம் இந்த இடைவெளியில் இருக்கிறது. போலித் தரகர் உண்மையில் இவர்களுக்கு விற்பது காப்பீட்டை அல்ல. காவலரிடம் காட்டுவதற்கான ஒரு தாளை. வாங்குபவரோ காப்பீடு வாங்கியதாகவே நம்புகிறார்.

தள்ளுபடியே முதல் தடயம்

இந்தியாவில் மூன்றாம் நபர் காப்பீட்டுக்கான அடிப்படைக் கட்டணத்தைக் காப்பீட்டு நிறுவனங்கள் தம் விருப்பப்படி நிர்ணயிப்பதில்லை. ஐஆர்டிஏஐயுடன் கலந்தாலோசித்து மத்திய சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலை அமைச்சகம் அதை அறிவிக்கிறது. 2022ஆம் ஆண்டு ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, 1,000 சிசிக்கு மேற்படாத தனியார் காருக்கு ஆண்டுக்கு 2,094 ரூபாய். 1,000 முதல் 1,500 சிசி வரை 3,416 ரூபாய். அதற்கு மேல் 7,897 ரூபாய். இருசக்கர வாகனங்களில் 75 முதல் 150 சிசி வரை 714 ரூபாய்; 150 முதல் 350 சிசி வரை 1,366 ரூபாய்; அதற்கு மேல் 2,804 ரூபாய். இவற்றின் மீது 18 சதவீத ஜிஎஸ்டி சேரும்.

ஆகவே 125 சிசி வண்டி ஒன்றுக்கு மூன்றாம் நபர் பாலிசி மட்டும் எடுத்தாலும் வரியுடன் சுமார் 843 ரூபாய் ஆகும். எந்த நிறுவனத்திடம் கேட்டாலும் இதுவே விலை. மின்சார வாகனங்களுக்கு 15 சதவீதம் எனச் சில சலுகைகள் உண்டு; அவையும் அதே அறிவிக்கையில் இடம்பெற்றவை. அவற்றைத் தவிர எந்தத் தரகராலும், எந்த நிறுவனத்தாலும் இந்தத் தொகையில் தள்ளுபடி தர இயலாது. 400 ரூபாய்க்கு பாலிசி போட்டுத் தருவதாக ஒருவர் சொன்னால், அந்த விலையே அது போலி என்பதற்குச் சான்று. வேறு ஆராய்ச்சி தேவையில்லை.

குழப்பம் வருவது சொந்தச் சேதக் காப்பீட்டில். தன் வாகனத்துக்கு ஏற்படும் சேதத்துக்கும் திருட்டுக்கும் எடுக்கப்படும் இப்பகுதியின் விலைக் கட்டுப்பாடு 2007ஆம் ஆண்டிலேயே தளர்த்தப்பட்டுவிட்டது. நிறுவனங்கள் இதில் போட்டியிட்டுத் தள்ளுபடி தருகின்றன. முந்தைய ஆண்டுகளில் இழப்பீடு கோராதவருக்கு 20 முதல் 50 சதவீதம் வரை கோரிக்கையின்மைச் சலுகையும் கிடைக்கிறது. இந்த உண்மையான தள்ளுபடிகளின் பழக்கத்தால், முழுப் பாலிசிக்கும் தள்ளுபடி என்று கேட்கும்போது வாடிக்கையாளருக்கு வியப்பு ஏற்படுவதில்லை. போலித் தரகர் ஒளிந்துகொள்வது இந்த மயக்கத்தில்தான்.

இன்னொரு செய்தி: பழைய காரை வாங்குபவருக்கு, விற்றவரின் கோரிக்கையின்மைச் சலுகை கிடைக்காது. அது வாகனத்துடன் செல்வதில்லை, உரிமையாளருடன் செல்வது. பழைய உரிமையாளரின் 50 சதவீதச் சலுகையை அப்படியே போட்டுத் தருவதாகக் கூறும் தரகர், பாலிசி அசலாகவே இருந்தாலும், பொய்யான தகவலின் பேரில் அதை வாங்கித் தருகிறார். இழப்பீடு கோரும் நாளில் அந்தப் பொய் பாலிசிதாரரின் தலையில் விழும்.

இளைஞர்கள் ஏன்?

பிரிட்டனில் இந்த மோசடிக்கு 'கோஸ்ட் புரோக்கிங்' என்று பெயர். ஆவியைப் போல் தோன்றிப் பணத்துடன் மறைந்துவிடும் தரகர் என்பது பொருள். அங்கு காப்பீட்டுக் கட்டணம் ஓட்டுநரின் வயதையும் அனுபவத்தையும் பொறுத்து ஏறி இறங்கும். புதிதாக உரிமம் பெற்ற பதின்வயதினர் மிக அதிகமாகச் செலுத்த நேரிடும். சமூக ஊடகங்களில் மலிவு விலை பேசும் தரகர்களிடம் இவர்கள் சிக்குவது அங்கு பழகிப்போன செய்தி. இதனை விசாரிக்க லண்டன் நகரக் காவல்துறையில் காப்பீட்டு மோசடிக்கென்றே ஒரு தனிப்பிரிவு 2012ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. காப்பீடு இன்றிப் பிடிபட்டால் அங்கு 300 பவுண்டு அபராதமும் உரிமத்தில் 6 தண்டப் புள்ளிகளும் விதிக்கப்படும். உரிமம் பெற்று இரண்டு ஆண்டுகள் ஆகாத ஓட்டுநருக்கு 6 புள்ளிகள் சேர்ந்தால் உரிமமே பறிபோகும். ஏமாற்றப்பட்ட இளைஞர், பணத்தோடு வாகனம் ஓட்டும் தகுதியையும் இழக்கிறார்.

இந்தியாவில் மூன்றாம் நபர் கட்டணத்துக்கும் ஓட்டுநரின் வயதுக்கும் தொடர்பில்லை. 19 வயது மாணவரும் 50 வயது அலுவலரும் ஒரே வகை வண்டிக்கு ஒரே தொகையைச் செலுத்துகின்றனர். எனில், இங்கு இளைஞர்கள் ஏன் எளிதில் சிக்குகின்றனர்? ஒரு காரணம், அவர்களிடம் இருப்பவை பெரும்பாலும் பழைய வாகனங்கள். உச்ச நீதிமன்றத்தின் உத்தரவைத் தொடர்ந்து 2018ஆம் ஆண்டு செப்டம்பர் 1 முதல் புதிய காருக்கு 3 ஆண்டுகளுக்கும் புதிய இருசக்கர வாகனத்துக்கு 5 ஆண்டுகளுக்கும் மூன்றாம் நபர் காப்பீடு விற்பனையின்போதே எடுக்கப்பட்டுவிடுகிறது. புதிய வண்டி வாங்கியவர் இதைப் பற்றிச் சில ஆண்டுகள் சிந்திக்க வேண்டியதில்லை. அந்தக் காலம் முடிந்தபின் வண்டி கைமாறுகிறது. இரண்டாவது உரிமையாளரான இளைஞர்தான் தம் வாழ்வில் முதன்முறையாகக் காப்பீடு வாங்கச் சந்தைக்கு வருகிறார். அவருக்கு வழிகாட்டுபவர் வண்டியை விற்ற இடைத்தரகர்.

மற்றொரு காரணம் தொழில். வாடகைக் காருக்கான கட்டணம் தனியார் காருக்கானதைவிடப் பலமடங்கு. 1,000 முதல் 1,500 சிசி வரையுள்ள வாடகைக் காருக்கு அடிப்படைத் தொகை 7,940 ரூபாய். அதற்கு மேல் உரிமம் பெற்ற ஒவ்வொரு பயணிக்கும் 978 ரூபாய். நான்கு பயணிகள் எனில் 11,852 ரூபாய். வரியுடன் சுமார் 13,985 ரூபாய். அதே காரைத் தனியார் வாகனமாகக் காட்டினால் வரியுடன் 4,031 ரூபாய்தான். மாதத் தவணையும் எரிபொருளும் செயலி நிறுவனத்தின் கழிவும் போக மிஞ்சுவதில் வாழும் 22 வயது ஓட்டுநருக்கு இந்தப் பத்தாயிரம் ரூபாய் வேறுபாடு சிறிதல்ல. மோசடிக்காரர் பேசுவது இந்த வேறுபாட்டைப் பற்றியே.

மூன்று வகை மோசடிகள்

முதலாவது, முற்றிலும் புனையப்பட்ட தாள். பழைய அசல் பாலிசி ஒன்றின் கோப்பை எடுத்து, பெயர், பதிவெண், தேதி ஆகியவற்றை மட்டும் கணினியில் மாற்றுகின்றனர். பாலிசி எண் கற்பனையாக இருக்கும். அல்லது வேறொருவருடையதாக இருக்கும். சில நேரங்களில் நிறுவனமே கற்பனை. பெங்களூரு கிருஷ்ணராஜபுரத்தை முகவரியாகக் காட்டி 'டிஜிட்டல் நேஷனல் மோட்டார் இன்சூரன்ஸ்' என்ற பெயரில் பாலிசிகள் விற்கப்படுவதாகவும், அவ்வாறு ஒரு நிறுவனத்துக்கு உரிமமே வழங்கப்படவில்லை என்றும் 2021ஆம் ஆண்டு ஐஆர்டிஏஐ பொது அறிவிப்பு வெளியிட வேண்டியிருந்தது. அரசு நிறுவனத்தின் பெயரை நினைவூட்டும் சொற்களைக் கோத்துப் பெயர் சூட்டுவது இத்தகையோரின் வழக்கம்.

இரண்டாவது வகை நுட்பமானது. தரகர் உண்மையிலேயே ஒரு பாலிசி வாங்குகிறார். ஆனால் காருக்கோ சரக்கு வண்டிக்கோ அல்ல. அதே பதிவெண்ணை இருசக்கர வாகனம் எனக் காட்டி, சில நூறு ரூபாய்க்கு இணையத்தில் பாலிசி எடுக்கிறார். பின்னர் கோப்பில் வாகன வகையையும் பிரீமியத்தையும் திருத்தி, முழுத் தொகையை வாடிக்கையாளரிடம் பெறுகிறார். பாலிசி எண் அசல். பதிவெண்ணை இட்டுத் தேடினால் காப்பீடு நடப்பில் உள்ளது என்றே பதிவேடும் காட்டலாம். சாலைச் சோதனையில் இது தப்பிவிடும். விபத்துக்குப் பின் நிறுவனம் தன் கோப்பைத் திறக்கும்போது, தான் காப்பீடு அளித்தது ஒரு ஸ்கூட்டருக்கு என்பதைக் கண்டு பொறுப்பை மறுக்கும். போலிகளில் மிகவும் ஆபத்தானது இதுவே எனலாம். ஏனெனில் எச்சரிக்கையுடன் சரிபார்ப்பவரும் பதிவெண்ணோடு நின்றுவிட்டால் ஏமாறக்கூடும்.

மூன்றாவது, பாலிசியை வாங்கிச் சில நாட்களில் ரத்து செய்து, திரும்பி வரும் தொகையைத் தரகரே வைத்துக்கொள்வது. இது பிரிட்டனில் பரவலான முறை. கட்டாய மூன்றாம் நபர் பாலிசியை மாற்றுப் பாலிசி காட்டாமல் ரத்து செய்வது இந்தியாவில் எளிதல்ல என்பதால் இங்கு இதற்கு இடம் குறைவு.

விபத்துக்குப் பின்

போலித் தாளின் விலை என்ன என்பதைத் தீர்ப்பாயத்தின் கணக்கு காட்டும். திருமணமாகாத, 24 வயதுடைய, மாதம் 20,000 ரூபாய் ஈட்டும் சுயதொழில் இளைஞர் ஒருவர் விபத்தில் உயிரிழந்ததாகக் கொள்வோம். ஆண்டு வருமானம் 2,40,000 ரூபாய். உச்ச நீதிமன்றம் 2017இல் பிரணய் சேத்தி வழக்கில் வகுத்தபடி எதிர்கால வருவாய்க்காக 40 சதவீதம் சேர்த்தால் 3,36,000 ரூபாய். அவருடைய சொந்தச் செலவாகப் பாதியைக் கழித்தால் 1,68,000 ரூபாய். 2009ஆம் ஆண்டின் சரளா வர்மா வழக்கின்படி அந்த வயதுக்கான பெருக்கு எண் 18. இழப்பீடு 30,24,000 ரூபாய். ஈமச் செலவு போன்றவை இதற்கு மேல். வட்டியும் சேரும்.

அசல் பாலிசி இருந்தால் இத்தொகை காப்பீட்டு நிறுவனத்தின் பொறுப்பு. போலி எனில் ஒப்பந்தம் என்பதே இல்லை, நிறுவனம் விலகிக்கொள்ளும். வாகன உரிமையாளரும் ஓட்டியவரும் தம் சொத்திலிருந்து கொடுக்க வேண்டும். ஓட்டுநர் உரிமம் போலியாக இருந்த வழக்குகளில் நிலைமை வேறு: பாதிக்கப்பட்டவருக்கு முதலில் நிறுவனம் வழங்கிவிட்டு, பிறகு உரிமையாளரிடம் வசூலிக்கலாம் என்ற வழியை உச்ச நீதிமன்றம் 2004இல் சுவரண் சிங் வழக்கில் தெளிவுபடுத்தியது. அங்கு அசல் பாலிசி ஒன்று இருந்தது. பாலிசியே இல்லாத இடத்தில் அந்த வழியும் அடைபடுகிறது. இதனால் பாதிக்கப்படுவது ஏமாந்த ஓட்டுநர் மட்டுமல்ல. இறந்தவரின் பெற்றோர், கொடுக்க வழியற்ற ஓர் இளைஞருக்கு எதிரான தீர்ப்பு நகலைக் கையில் வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேரிடும்.

வாகனமும் எளிதில் கைக்கு வராது. காப்பீடு இல்லாத வாகனம் விபத்தில் சிக்கினால், போதிய பிணை அளிக்காமல் அதனை விடுவிக்கக் கூடாது. பிணை தரப்படாவிட்டால் ஏலத்தில் விற்று அத்தொகையைத் தீர்ப்பாயத்தில் செலுத்த வேண்டும் என்ற விதியை எல்லா மாநிலங்களும் கொண்டுவர வேண்டுமென உச்ச நீதிமன்றம் 2018ஆம் ஆண்டு செப்டம்பரில் உஷா தேவி வழக்கில் உத்தரவிட்டது. தவணை இன்னும் முடியாத வாடகைக் காருக்கு இது நேர்ந்தால், வருவாயும் கடனை அடைக்கும் வழியும் ஒன்றாக நின்றுபோகும்.

அதிகம் பேசப்படாத இழப்பு இன்னொன்றும் உண்டு. உரிமையாளரே ஓட்டும்போது நேரும் உயிரிழப்புக்கும் நிரந்தர ஊனத்துக்கும் 15 லட்சம் ரூபாய் வரை தனிநபர் விபத்துக் காப்பீடு கட்டாயம். வேறு பாலிசியில் இதே பாதுகாப்பு இருந்தால் மட்டுமே விலக்கு. இது மூன்றாம் நபருக்கானது அல்ல, ஓட்டியவரின் குடும்பத்துக்கானது. போலித் தாளில் இந்த வரியும் அச்சாகியிருக்கும். தம் மகன் இறந்த பிறகு அந்த வரியை நம்பி அலுவலகம் செல்லும் பெற்றோருக்குத்தான் அது போலி என்று முதலில் தெரியவரும்.

சரிபார்ப்பது எப்படி?

காப்பீட்டுச் சட்டத்தின் 64விபி பிரிவு, பிரீமியம் முன்கூட்டியே செலுத்தப்படாமல் எந்த நிறுவனமும் பொறுப்பை ஏற்கக் கூடாது என்கிறது. பணம் நிறுவனத்தைச் சென்றடைந்ததா என்பதே முதன்மையான கேள்வி. தரகரின் சொந்த யுபிஐ முகவரிக்கோ தனிநபர் கணக்குக்கோ அனுப்பப்படும் தொகை அந்தக் கேள்விக்கு விடை தராது. நிறுவனத்தின் இணையதளத்திலோ, அது அனுப்பும் கட்டண இணைப்பிலோ செலுத்தி, ரசீதில் நிறுவனத்தின் பெயர் வந்ததா எனப் பார்ப்பது நல்லது.

பாலிசி கைக்கு வந்ததும், அதில் அச்சான தொலைபேசி எண்ணை அழைக்காமல், நிறுவனத்தின் இணையதளத்தைத் தனியே தேடித் திறந்து அங்குள்ள சேவை எண்ணில் பாலிசி எண்ணைக் கூறிக் கேட்க வேண்டும். பாலிசி உள்ளதா என்று மட்டும் கேட்டால் போதாது. வாகனத்தின் வகை, எஞ்சின் எண், சேசிஸ் எண், செலுத்தப்பட்ட பிரீமியம், உரிமையாளரின் பெயர் ஆகியவை நிறுவனத்தின் பதிவில் எவ்வாறு உள்ளன என்று படித்துக்காட்டச் சொல்ல வேண்டும். மேலே சொன்ன இரண்டாவது வகை மோசடி இந்தக் கேள்விகளில்தான் பிடிபடும். கியூஆர் குறியீட்டை வருடினால் திறக்கும் பக்கம் நிறுவனத்தின் அசல் இணைய முகவரியில் உள்ளதா என்பதையும் நோக்க வேண்டும். குறியீட்டையும் போலியாக அச்சிடலாம், அது போலிப் பக்கத்தையே திறக்கும்.

மத்திய அரசின் எம்பரிவாகன் செயலியில் பதிவெண்ணைக் கொண்டு காப்பீட்டு நிலையைப் பார்க்கலாம். தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட வண்டியை ஐதராபாத்தில் வைத்திருப்போருக்கு இது உதவும். தெலங்கானாவின் நிலை சற்று வேறுபட்டது. இம்மாநிலம் நெடுங்காலம் மத்திய அரசின் வாகன் தரவுத்தளத்தில் இணையாமல், தனக்கெனத் தனி அமைப்பையும் 2016இல் அறிமுகமான ஆர்டிஏ எம்-வாலட் செயலியையும் நடத்திவந்தது. ஆகவே சங்காரெட்டி மாவட்டத்தின் டிஎஸ் 15 அல்லது டிஜி 15 பதிவெண்ணுக்கு மத்தியச் செயலியில் விவரம் கிடைக்காமல் போனால், அதைக் கொண்டு மட்டும் பாலிசி போலி என்றோ அசல் என்றோ முடிவு செய்ய முடியாது. நிறுவனத்திடம் நேரில் உறுதிசெய்வதே வழி.

விற்பவரின் தகுதியையும் கேட்கலாம். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. முகவர், தரகு நிறுவனம், விற்பனைமுனை நபர் என எவராயினும் பதிவு பெற்றிருக்க வேண்டும். ஐஆர்டிஏஐ இணையதளத்தில் உரிமம் பெற்ற காப்பீட்டு நிறுவனங்களின் பட்டியலும் தரகு நிறுவனங்களின் பட்டியலும் உள்ளன. விற்பனைமுனை நபராக இருப்பவருக்குப் பயிற்சியும் தேர்வும் உண்டு. அவர் விற்கும் பாலிசியில் அவரது பான் அல்லது ஆதார் சார்ந்த அடையாளம் பதிவாகும். இந்த வேறுபாடு பின்னர் பயன்படும்: பதிவு பெற்ற முகவரின் செயல்களுக்கு அவரை நியமித்த நிறுவனம் பொறுப்பேற்க வேண்டும். எங்கும் பதிவில்லாத ஒருவர் ஏமாற்றினால் கேள்வி கேட்க நிறுவனம் என்று எதுவும் இருக்காது.

ஏமாந்தவர் செய்ய வேண்டியவை

போலி என்று தெரிந்த நிமிடமே, இணையவழிப் பணப்பரிமாற்றம் எனில் 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். புகார் விரைவாகப் பதிவானால் பணம் சென்ற கணக்கை முடக்க வாய்ப்புண்டு. நாட்கள் கடந்தால் அந்த வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். காவல் நிலையத்திலும் எழுத்துப்பூர்வமாகப் புகார் அளிக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின்படி மோசடி 318ஆவது பிரிவிலும், ஆவணப் புனைவு 336 முதலான பிரிவுகளிலும் வருகின்றன. மோசடி செய்து பொருளைப் பெற்றதற்கு 7 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு.

பெயர் பயன்படுத்தப்பட்ட காப்பீட்டு நிறுவனத்துக்கும் தகவல் தருவது அவசியம். ஐஆர்டிஏஐயின் 'பீமா பரோசா' தளத்திலும் 155255 என்ற கட்டணமில்லா எண்ணிலும் முறையிடலாம். காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகம் ஐதராபாத்தில் உள்ளது என்றாலும், அது விசாரிப்பது உரிமம் பெற்ற நிறுவனங்கள், தரகர்கள் மீதான புகார்களை மட்டுமே. முகவரியில்லாத போலித் தரகருக்கு எதிராக அங்கு செல்வதால் பயனில்லை. அவ்வழக்கு காவல்துறைக்கும் நீதிமன்றத்துக்கும் உரியது.

வெட்கத்தால் பலர் இந்த இடத்தில் நின்றுவிடுகின்றனர். 500 ரூபாய்க்காகக் காவல் நிலையம் செல்வதா என்ற தயக்கமும் சேர்ந்துகொள்கிறது. போலித் தாளைக் கிழித்தெறிந்துவிட்டு வேறு பாலிசி எடுப்பவர்களும் உண்டு. ஆனால் அந்தத் தாள், வாட்ஸ்அப் உரையாடல், பணம் அனுப்பிய விவரம் ஆகியவையே வழக்கின் சான்றுகள். தெரிந்துகொண்டே அந்தத் தாளைக் காவலரிடமோ நிறுவனத்திடமோ மீண்டும் காட்டினால், ஏமாந்தவரே போலி ஆவணத்தைப் பயன்படுத்திய குற்றச்சாட்டுக்கு ஆளாகக்கூடும்.

உடனடியாக அசல் பாலிசி எடுக்கும்வரை வாகனத்தைச் சாலைக்குக் கொண்டுவராதிருப்பது பாதுகாப்பு. மூன்றாம் நபர் பாலிசியை அன்றே எடுக்க முடியும். சொந்தச் சேதத்துக்கும் சேர்த்து எடுப்பதானால், இடைவெளி விழுந்த வாகனத்தை நிறுவனம் முதலில் பரிசோதிக்கும். பழைய பாலிசி முடிந்து 90 நாட்களுக்குள் புதுப்பிக்காவிட்டால் சேர்த்துவைத்த கோரிக்கையின்மைச் சலுகை இழக்கப்படும் என்பது விதி. போலித் தாளை நம்பி ஓர் ஆண்டு ஓட்டியவருக்கு நிறுவனத்தின் பதிவில் அந்த ஓர் ஆண்டும் இடைவெளியே. அதனால் முன்பு எத்தனை ஆண்டுகள் விபத்தின்றி ஓட்டியிருந்தாலும், அவருடைய சலுகைக் கணக்கு மீண்டும் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும்.